மிதக்கும் பாலம்

கடைக்காரர் துமுர் சொன்னார்:
பெட்டியை உடனே திறக்காதே.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
வீட்டுச் சூட்டில் ஆறு மணி நேரம் கிடக்கட்டும்.
வார்னிஷ் வெடித்தபிறகு
என்னிடம் வந்து அழாதே.

பதினான்கு மாதத் தவணை.
டிராலிபஸ் ஓட்டுகிறவளுக்கு மின்கிதார் எதற்கு என்று
வங்கிப் பெண் கேட்கவில்லை.
'வீட்டு உபயோகப் பொருள்' என்று
படிவத்தில் அவளே நிரப்பிக்கொண்டாள்.

திரும்பும் வழியில் ஒயுன்தான் ஓட்டுநர்.
பெட்டிக்கும் ஒரு டிக்கெட் எடு என்றாள்,
சிரிக்காமல்.
எடுத்தேன்.

ஆறு மணி நேரம்.
பூட்டின் மேல் பனி
வெள்ளையாக இருந்தது, ஈரமாக இருந்தது,
பிறகு இல்லை.
பள்ளிவிட்டு வந்த ஹுலான்
காலுறையோடு அதைச் சுற்றி நடந்து
"உள்ளே யார்?" என்றாள்.

பச்சை.
வண்டின் முதுகில் வெயில் படும்போது தெரியும் பச்சை.

கடைக் கம்பிகள் மெலிசு. எங்கள் பாட்டுகளுக்கு
தடித்தவை வேண்டும்.
கம்பியின் நுனிமணியை வெட்டு,
சேணத்தில் செருகு, இறுக்கு என்றது குறிப்பேடு.
சேணமாம்.
எங்கள் ஊரில் அதற்குக் குதிரை வேண்டும்.

முதல் கம்பியைச் சுருதி கூட்டினேன்.
இரண்டாவதைக் கூட்டினேன்.
முதலாவது இறங்கியிருந்தது.
அதை ஏற்றினேன், மூன்றாவது இறங்கியது.
பாத்திரம் கழுவிவிட்டு வந்து பார்த்தால்
நான்காவதும்.

இந்தப் பாலம் எதிலும் ஒட்டியில்லை.
இரண்டு தூண்களில், கத்திமுனையில் நிற்கிறது.
முன்னே ஆறு கம்பிகள் இழுக்கின்றன,
முதுகுக் குழிக்குள்ளிருந்து மூன்று சுருள்வில்கள் இழுக்கின்றன.
யாரும் ஜெயிக்கக் கூடாது.
அன்றிரவு கம்பிகள் ஜெயித்தன.
படுத்த ஒட்டகம் எழும்போது
பின்பக்கத்தை முதலில் தூக்குமே,
அப்படித் தூக்கிக்கொண்டு நின்றது பாலம்.

சுருள்வில் எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன்.
வளைவில் பஸ்ஸின் கொம்பு மின்கம்பியை விட்டு நழுவும்,
இறங்கி, கயிற்றைப் பிடித்து,
இருட்டில் குறிபார்த்து மாட்டுவேன்,
ஒரு நாளைக்கு நாலு தடவை.
இது அதைவிட நுட்பமான கழுதை.

நாலாவது வில்லை மாட்டினேன்.
திருகாணியில் அரைச் சுற்று. சுருதி.
இன்னொரு கால் சுற்று. சுருதி.
உப்புத் தேநீர் ஆறி ஆடை கட்டிவிட்டது.

ஒரு மணிக்கு, பாலம் மட்டமாகப் படுத்த நேரம்,
மெல்லிய கம்பி அறுந்தது.
மீதி ஐந்தும்
யாரும் தொடாமலே
அரை ஸ்வரம் மேலே போயின.

கோபிச் சுரங்கத்திலிருந்து
இனி வரமாட்டேன் என்று ஜார்கல் சொன்ன வாரம்
இந்த வீட்டில் நாங்களும்
கொஞ்சம் உயரத்தில்தான் பேசினோம்,
உப்பைக் கேட்பதற்குக்கூட.

புதுக் கம்பி. மறுபடி முதலிலிருந்து.
இரண்டரைக்கு, கழுத்தின் மேல்நுனியில்
மூன்று பூட்டுகளையும் அறுகோணச் சாவியால் இறுக்கினேன்.
ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஒரே ஒரு தடவை
கைப்பிடியைக் கீழே அமுக்கினேன்.
கம்பிகள் தளர்ந்து தொங்கின,
சத்தம் தரைக்குள் இறங்கிப் போய்
அடித்தளத்து வெந்நீர்க் குழாய்கள்வரை போய்...
விட்டேன்.
போன இடத்திலிருந்து
அதே சுருதிக்குத் திரும்பி வந்தது.
சுருதிமானியின் முள் நகரவில்லை.
இரண்டாம் தடவை அமுக்க எனக்குத் துணிவில்லை.

காலையில் மேசைமேல் நுனிமணிகளை எண்ணினாள் ஹுலான்.
ஏழு.
கம்பி ஆறுதானே என்றாள்.
நூலில் கோத்து மணிக்கட்டில் கட்டிக்கொண்டாள்.

ஐந்தாம் எண் வண்டி, முதல் நடை.
நிலக்கரிப் புகைக்குள் விளக்குகள்.
பாலத்தடி வளைவில் கொம்பு நழுவியது,
உள்ளே இருட்டு, பின்னிருக்கையில் யாரோ முனகினார்கள்.
கையுறைக்காகக் கோட்டுப் பையில் துழாவினேன்.
சாவி கிடைத்தது. மூன்று மில்லிமீட்டர்.
அதற்குள் சில்லிட்டுப் போயிருந்தது.